எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று தம்பி கேட்டான், மாமா சிரித்தார்

கணியம்பாடி அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே முன்னாள் படைவீரர்கள் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். முக்கியமாக அவர்களிடம்தான் கேட்கிறேன். மற்றவர்களும் தெரிந்ததைச் சொல்லலாம்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்வார்களே, அந்த வட்டாரம்தான். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒரே தம்பி. 18 வயது, இந்த ஆண்டுதான் பிளஸ் டூ முடித்தான். ராணுவத்தில் நான்கு ஆண்டுக்கு எடுக்கிறார்களே, அந்த அக்னிவீர் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

அவன் ஆசையைத் தப்பு என்று சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவனுக்குப் பட்டாளம் என்பது கைப்பேசியில் பார்க்கிற முப்பது விநாடிப் படம். பனிமலை, துப்பாக்கி, பின்னணியில் ஒரு முழக்கம். வேலூர் பஜாரில் பச்சைப் புள்ளி போட்ட பேன்ட்டும் தொப்பியும் வாங்கி வந்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். காலை எட்டு மணிக்கு முன் எழுந்ததில்லை. தட்டைக் கழுவியதில்லை. வலது தோளில் துப்பாக்கி ஒன்றைப் பச்சை குத்திக்கொள்ள 1,500 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா 22 ஆண்டு மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து நாயக்காக ஓய்வு பெற்றவர். அவர் பென்ஷனில்தான் எங்கள் அக்கா மகள் கல்யாணம்கூட நடந்தது. தம்பி சாப்பாட்டு நடுவில் அவரிடம், "மாமா, நீங்கள் மொத்தம் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டான்.

மாமா சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு, "உன் சட்டையை நீயே என்றைக்காவது துவைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். இவன் பதில் சொல்லவில்லை. மாமா கையைக் கழுவிக்கொண்டு, மாட்டை நிழலில் கட்ட வேண்டும் என்று எழுந்து போனார். மாடு நிழலில்தான் இருந்தது.

தம்பிக்கு அவமானம். இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்கிறான். "அவர் நல்லாச் சம்பாதித்துவிட்டார், அடுத்தவன் போனால் மட்டும் பொறுக்கவில்லை" என்கிறான். அம்மாவோ, போகவே கூடாது என்று இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை.

என் கேள்வி இதுதான். ராணுவத்தால் வாழ்ந்த மனிதர், ராணுவத்துக்குப் போக ஆசைப்படுகிற பையனைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்? நீங்களும் சிரிப்பீர்களா? நான் இவனைத் தடுப்பதா, விடுவதா?

மூன்று முறை ஓடியவன்:

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 1,500 ரூபாயைப் பிடுங்கி வையுங்கள். தோளில் பச்சை குத்தினால் மெடிக்கல் பரிசோதனையில் வெளியே அனுப்பிவிடுவார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, உள்பக்கம், அப்புறம் புறங்கை. இந்த இரண்டு இடத்தில் இருந்தால்தான் விடுவார்கள். பழங்குடி மக்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. என்னோடு வரிசையில் நின்ற ஒருவன் நெஞ்சில் தேசியக் கொடி குத்தியிருந்தான். எந்தப் படையில் சேருவதற்காகக் குத்தினானோ, அந்தப் படையே அதைக் காரணம் காட்டி அனுப்பியது. அவன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நான் மூன்று முறை போய்த் தோற்றவன். அதனால் கணக்கு மனப்பாடம். இப்போது முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. ஒரு மணி நேரம், 50 கேள்வி, தப்பாகப் போட்டால் கால் பங்கு மார்க் போகும். அதில் தேறினால்தான் மைதானம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மார்க். கம்பியில் பத்து முறை ஏறினால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும், வளைந்த கட்டையில் விழாமல் நடக்க வேண்டும். நமக்கு உயரம் 166 சென்டிமீட்டர். மார்பு 77, மூச்சு இழுத்தால் ஐந்து விரிய வேண்டும். பத்தாம் வகுப்பில் 45 சதவீதம்.

நான் கடைசி முறை ஓட்டத்தில் தேறினேன், கம்பியிலும் தேறினேன், முட்டி தட்டுகிறது என்று மெடிக்கலில் போனது. கால்களைச் சேர்த்து நின்றால் முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. 40,000 ரூபாய் வாங்கிய பயிற்சி மையமும் சொல்லவில்லை. உங்கள் தம்பியைச் சுவரோரம் நிறுத்தி இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏரிக்கரை ஹவில்தார்:

அம்மா, மாமா ஏன் சிரித்தார் என்று அவரைக் கேட்காமல் எங்களைக் கேட்கிறீர்கள். அதுவும் சரிதான். அவரைக் கேட்டால் மறுபடியும் மாடு கட்டத்தான் போவார்.

நான் 1986இல் சேர்ந்தேன். 24 ஆண்டு. ஹவில்தாராக வெளியே வந்தேன். காலாட்படை. நீங்கள் சொல்கிற இடத்திலிருந்து என் ஊர் ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஒன்பது ஆண்டாக எங்கள் ஏரிக்கரையில் விடியற்காலையில் பையன்களை ஓடவிடுகிறேன். காசு வாங்குவதில்லை. வாங்கினால் தேறாதவன் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வி எனக்கு மாதம் ஒரு முறையாவது வரும். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். யாரையும் இல்லை என்றால், இந்த ஆள் வெறும் சமையல்கட்டு சிப்பாய் என்று பையன் முகம் சுருங்கும். ஒரு எண்ணைச் சொன்னால், சோற்றில் கை வைத்திருக்கிற அந்தக் கூடத்தில், உங்கள் அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த மனிதர் வேறு ஆளாகிவிடுவார். இரண்டும் முடியாது. சிரிக்கத்தான் முடியும். சட்டை துவைத்திருக்கிறாயா என்று அவர் கேட்டார் பாருங்கள், அதுதான் அவர் சொன்ன பதில். கேலி என்று உங்கள் தம்பி எடுத்துக்கொண்டான். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன், கொஞ்சம் பொறுமையாக.

என் அனுபவத்தில் ஏரிக்கரைக்கு வருகிற பையன்கள் இரண்டு வகை. ஒருவன் வந்ததும், "நாட்டுக்காக உயிரைக் கொடுப்பேன் ஐயா" என்பான். இன்னொருவன் தயங்கித் தயங்கி, "கையில் எவ்வளவு வரும் ஐயா, தங்கச்சிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்" என்பான். ஊரில் முதல் ஆளுக்குத்தான் கைதட்டல். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும். உயிரைக் கொடுக்கிறேன் என்றவன் பயிற்சிக்குப் போன மூன்றாவது வாரம் கக்கூஸ் கழுவச் சொன்னால், இதற்கா வந்தேன் என்று உடைந்துபோவான். அவன் உயிரை யாரும் கேட்கவில்லை. பிளீச்சிங் பவுடர் எங்கே என்றுதான் கேட்டார்கள். தங்கச்சி ஃபீஸுக்காக வந்தவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சுடுகிற இடத்திலும் அவன்தான் பக்கத்தில் நின்றான், நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்துக்கு வந்தவன் ஓடிவிடுவான் என்பது சிவிலில் இருப்பவர்களின் எண்ணம்.

சரி, நான் எதற்குப் போனேன்? பெட்டிக்காக. சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் சுட்டிக்கு வருவார். விடுப்பைப் பட்டாளத்தில் சுட்டி என்போம். கறுப்புத் தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். பஸ் மேலே இருந்து அதை இறக்க இரண்டு பேர் வேண்டும். அதைத் திறந்தால் சோப்பு வாசனையும் ரம் வாசனையும் கலந்து வரும். என் பெயரை அப்படி வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று 18 வயதில் கிளம்பினேன். உங்கள் தம்பியின் புள்ளி பேன்ட்டை விட என் காரணம் ஒன்றும் உயர்ந்ததில்லை.

தொப்பி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1806 ஜூலை 10, நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் தொப்பி. வெள்ளைக்காரன் கொடுத்த புதுத் தலைப்பாகையைப் போடமாட்டோம், நெற்றிக் குறியை அழிக்கமாட்டோம், தாடியை எடுக்கமாட்டோம் என்று நூற்றுக்கணக்கில் செத்தார்கள். தலையில் எதை வைப்பது என்பதைக்கூட இன்னொருவன் முடிவு செய்வான், அதுதான் பட்டாளம். உங்கள் தம்பி பஜாரில் தானே பார்த்து வாங்குகிறான்.

எனக்குப் பயிற்சி வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில். குன்னூரை ஒட்டி இருக்கிறது. சுமார் 6,000 அடி. ஜனவரியில் போய் இறங்கினேன். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு. முதல் நாள் நாவிதர் ஒரே நிமிடத்தில் தலையை முடித்தார். கீழே விழுந்த முடியை நாங்களே பெருக்கினோம். அங்கே தொடங்கிய பெருக்கல் மூன்று மாதம் ஓயவில்லை. துப்பாக்கியைத் தொட்டதை விடத் துடைப்பத்தைத் தொட்டதுதான் அதிகம். ஆணையெல்லாம் இந்தியில். எனக்கு ஒரு சொல் தெரியாது. பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் வலப்பக்கம் திரும்பு என்றால் நான் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திரும்புவேன், அவனும் என்னைப் பார்த்துத்தான் திரும்பியிருப்பான். இரண்டு பேருக்கும் ரகடா. அதாவது சரளைக்கல்லில் தலைகீழாக உருள்வது. ராத்திரி முதுகில் ஒட்டியிருந்த கல்லை ஒருவருக்கொருவர் எடுத்துவிடுவோம். வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு என்ற முழக்கத்தை வீடியோவில் கேட்டு உங்கள் தம்பிக்கு மயிர்க்கூச்செறியும். நாங்கள் அதைக் கத்தியபோது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

சியாச்சின் பனிமலையைப் பற்றியும் கேட்பான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேலே போஸ்ட்டில், அதாவது காவல் முகாமில், மண்ணெண்ணெய் அடுப்பு இரவு பகலாக எரியும். துப்பினால் கறுப்பாக வரும். படுப்பதற்கு முன் உன் ஜோடி உன் சாக்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு கால்விரலாக அழுத்திப் பார்ப்பான். நீ அவன் விரலைப் பார்ப்பாய். வெளுத்திருக்கிறதா, அழுத்தினால் சிவப்புத் திரும்புகிறதா. என் ஜோடி கேரளக்காரன். அவன் இடது கால் சுண்டுவிரல் நகம் எப்படி வளைந்திருக்கும் என்று இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். என் மனைவியின் கால்விரலை அந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. பையன்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். துப்பாக்கிக் கதை எங்கே என்று காத்திருப்பார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்ட்டில், 19,600 அடி உயரத்தில், 19 மெட்ராஸ் பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர் மேல் பனி சரிந்தது. ஒருவரை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள், அவரும் டெல்லி மருத்துவமனையில் பிழைக்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நம் வேலூர் மாவட்டத்துக்காரர். ஒரு குண்டும் சுடப்படவில்லை.

இன்னொன்று பையன்களிடம் சொல்வதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். 1988இல் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன், இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில். வயது 20. தமிழ் தெரிந்தவன் என்பதால் வீடு சோதனைக்குப் போகும்போது என்னை முன்னால் விடுவார்கள். கதவைத் தட்டி, வெளியே வாருங்கள் அம்மா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். ஒரு வீட்டில் வயதான பெண்மணி ஒருவர், அரிசிப் பானையைக்கூட நாங்கள் கவிழ்த்துப் பார்த்த பிறகு, என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றேன். நீ இங்கே இப்படி நிற்பது உன் தாய்க்குத் தெரியுமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் நிற்கிற பையனைக் கேட்பது போலக் கேட்டார். நான் கொட்டிக் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களைப் பார்த்து ஊரில் யாரும் கைதட்டவில்லை. என் அம்மாவிடம் நான் அந்தக் கேள்வியைச் சொல்லவே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு இவர் போக வேண்டாம் என்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். எனக்கு வீடு, நிலம், இரண்டு பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்தியும், கொஞ்சம் பஞ்சாபியும், எந்த ஊர்க்காரனோடும் ஒரே தட்டில் சாப்பிடுகிற பழக்கமும் அங்கிருந்து வந்தவை. முப்பதுக்கும் மேற்பட்ட பையன்களை ஓடவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் இப்போது என் பழைய பாடம் பாதிதான் பலிக்கிறது. சம்பளம் கேட்கிற பையனிடம் முன்பு தைரியமாகச் சொல்வேன்: பல்லைக் கடித்துக்கொண்டு 15 ஆண்டு இரு, பென்ஷன் வந்துவிடும், சாகும் வரை சோறு. 2022 ஜூனில் அக்னிவீர்களை எடுக்கிற அக்னிபத் திட்டம் வந்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை. முதல் ஆண்டு மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், கையில் 21,000. நான்காம் ஆண்டு 40,000, கையில் 28,000. அரசும் அதே அளவு போட்டு, வட்டியோடு கடைசியில் ஏறக்குறைய 11.71 லட்சம். வரி இல்லை. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. வெளியே வருபவனுக்கு எங்களைப் போல் கான்டீன் கார்டும் மருத்துவ அட்டையும் கிடையாது. நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டு முடிகிறபோது உங்கள் தம்பிக்கு 22 அல்லது 23. அந்த வயதில் எனக்குத் தோளில் ஒரு பதவிப் பட்டைகூட ஏறவில்லை. அவன் முன்னாள் ஆகிவிடுவான்.

ஆகவே அவன் கணக்குப் போடட்டும். கையால், நோட்டில். 21,000இல் அம்மாவுக்கு எவ்வளவு, 23 வயதில் அந்தப் பதினொன்றரை லட்சத்தை வைத்து என்ன செய்வான், மத்தியக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரருக்கு இடம் ஒதுக்குவோம் என்றார்களே, அதற்கு என்ன படிக்க வேண்டும். எழுதிக்கொண்டு என்னிடம் வரட்டும். காலை 5 மணி. 5.05க்கு வந்தால் திருப்பி அனுப்புவேன். புள்ளி பேன்ட் வேண்டாம்.

ஓய்வுபெற்ற சுபேதார், திருப்பத்தூர்:

ஹவில்தார் தம்பி எழுதியதில் பெரும்பாலும் உண்மை. ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போகமாட்டேன். நாட்டுக்காக என்று சொல்கிற பையனை ஏதோ நோயாளி போலப் பார்க்கிறீர்கள். நான் 28 ஆண்டு சிக்னல்ஸில், அதாவது ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தேன். விவரம் தெரிந்தவன் எவன் பட்டாளத்துக்கு வருவான்? பதினேழரை வயதில் எடுப்பதே விவரம் தெரிவதற்கு முன் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். 30 வயதில், கல்யாணம் ஆகி, கடன் வாங்கி, முதுகு வலி வந்தவனைக் கூப்பிட்டுப் பாருங்கள். வரமாட்டான். நாம் எல்லோரும் ஏமாந்து போனவர்கள்தான். அந்த ஏமாற்றத்தில்தான் படை நிற்கிறது. பையனின் ஆசையை நாமே கிழித்துவிட்டால் நாளை எல்லையில் யார் நிற்பது, நீங்களும் நானுமா?

என்னிடம் வருகிற பையன்களுக்கு நான் நல்லதை மட்டும்தான் சொல்வேன். கெட்டதைச் சொல்லித்தர அங்கே உஸ்தாத் இருக்கிறார். அவர் சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

ஏரிக்கரை ஹவில்தார்:

சாப், வணக்கம். உங்கள் ரேங்குக்கு எதிர்ப்பேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஒன்று. நல்லதை மட்டும் கேட்டுப்போன ஒரு பையனை நான் அனுப்பினேன், நான்கு ஆண்டுக்கு முன். ஓட்டத்தில் புலி. நானும் அப்போது உங்களைப் போல் நல்லதை மட்டும்தான் சொல்வேன். ஆறாவது வாரம் போன் செய்தான். அழவில்லை. "ஐயா, இதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டான். பயிற்சியை முடித்துவிட்டான், இப்போது நன்றாக இருக்கிறான். சுட்டிக்கு வந்தால் எல்லோர் வீட்டுக்கும் போகிறான். என் வீட்டுக்கு வருவதில்லை.

ஓய்வுபெற்ற சுபேதார், திருப்பத்தூர்:

அது வேறு. அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வருவான், பாருங்கள். நானும் என்னை அனுப்பிய பெரியவரிடம் 11 ஆண்டு பேசவில்லை.

பத்தான்கோட் பக்கம்:

நான் படைவீரர் மனைவி. இப்போதும் பணியில் இருப்பவருடைய மனைவி, அதனால் நிறைய எழுத முடியாது. அக்காவுக்கு ஒன்று மட்டும். தம்பியைப் போக விடுவதா என்று கேட்கிறீர்களே, அவன் போனால் உங்கள் வீட்டில் யார் எதைச் செய்வது என்று யாராவது பேசினீர்களா? அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அவன் வரமாட்டான். வர நினைத்தாலும் லீவு வேண்டும், டிக்கெட் வேண்டும், வழி திறந்திருக்க வேண்டும். என் மாமியாரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனது நானும் ஆட்டோக்காரரும்தான். அவர் மூன்றாம் நாள் வந்தார். பட்டாளத்துக்கு ஒருவர் போனால் வீட்டில் இன்னொருவரும் சேர்ந்துவிடுவார். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். உங்களை யாரும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

கணியம்பாடி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. பத்தான்கோட் அக்கா எழுதியதைக் கம்பெனி பஸ்ஸில் மூன்று முறை படித்தேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

தம்பியிடம் ஹவில்தார் ஐயா எழுதியதை முழுசாகக் காட்டவில்லை. பச்சை குத்துகிற விஷயத்தையும் சம்பளக் கணக்கையும் மட்டும் காட்டினேன். பச்சை குத்துவது பற்றி அதிர்ந்துபோனான், நல்லவேளை. முழங்கால் ஒட்டவில்லை, சுவரோரம் நிறுத்திப் பார்த்துவிட்டேன். கணக்கை நோட்டில் எழுதினான். எழுதும்போது, "பென்ஷன் இல்லையா?" என்று கேட்டான். தெரியாதா உனக்கு என்றேன். தெரியும், ஆனால் எழுதிப் பார்த்ததில்லை என்றான்.

இன்று காலை 4.20க்குக் கிளம்பிப் போனான். திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை. ஐயா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. வந்தவன் கிணற்றடியில் உட்கார்ந்து அவன் பனியனை அவனே துவைத்தான். நுரை போகவே இல்லை, சோப்புப் பொடி ஒரு கைப்பிடி போட்டிருக்கிறான். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுப் பக்கம் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உள்ளே போனானா, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினானா, தெரியவில்லை.

அம்மா இன்னும் அவனோடு பேசவில்லை. ஆனால் ராத்திரி ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலை ஊறவைத்திருக்கிறார். விடியற்காலை ஓடுவதற்கு முன் அவனுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

ஏரிக்கரை ஹவில்தார்:

ஓடுவதற்கு முன் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், விலா பிடிக்கும். ஓடி வந்த பிறகு கொடுக்கட்டும். இன்று 4.55க்கே வந்துவிட்டான். ஏழே முக்கால் நிமிடம் எடுத்தான், கடைசிச் சுற்றில் வாந்தி எடுத்தான். நாளைக்கு ஒரு பழைய துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள்.